பக்கத்து மனையில் நம் வீடு

பாலு,

நேற்று மத்தியானம் நீ ஆபீசிலிருந்து பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு, நான் எழுந்திருக்காமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்து, உன் அப்பா ஓடிவந்து அணைத்தார். நீ சொன்னது நல்ல செய்திதான். முட்டுக்காட்டைத் தாண்டி நீயும் வித்யாவும் வாங்கிப் போட்டிருக்கிற மனைக்கு வேலி போட ஆள் கிடைத்துவிட்டது என்றாய். கூட வேலை செய்கிற பையனுக்குத் தெரிந்த காண்டிராக்டராம். கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிவிடுவாராம், பணத்தை பாங்கில் போட்டால் போதுமாம், பெங்களூரிலிருந்து நீ வரவே வேண்டாமாம். "நீங்களும் வெயில்ல அலைய வேணாம்மா, முடிஞ்சதும் அவரே போட்டோ எடுத்து அனுப்பிடுவார்" என்றாய். எனக்கு அங்கேதான் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. உன்னிடம் மேலோட்டமாகச் சொல்லி மூடிவைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. முடிந்தால் வித்யாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நம் கூடுவாஞ்சேரி வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டியபோது நீ கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை நேரம். பக்கத்து மனைக்காரர்களோடு சின்னத் தகராறு, பேசி முடித்துவிட்டோம் என்று மட்டும் உனக்கு எழுதினோம். அது சின்னத் தகராறு இல்லை. ஒரு சாதாரண வியாழக்கிழமை காலையில், நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, நாம் ஐந்து வருஷமாகக் குடியிருந்த வீடு நம்முடைய இடத்திலேயே இல்லை என்று எனக்குத் தெரியவந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். அந்த மனையை நாங்கள் வாங்கியபோது நீ சிறு பையன். அப்பா தினமும் மின்சார ரயிலில் பட்டணத்து ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வாடகை வீட்டுக்காரர் குழாயைப் பூட்டிவைக்கிறவர். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் பொட்டல்காட்டைப் பிரித்து மனை போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மனை போட்டவர்களுடைய ஆள் ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பு உயரத்துக்குப் புதர். அவர் ரோட்டிலேயே நின்றுகொண்டு குடையை நீட்டி, "அதோ, அந்த வேப்பங்கன்னு தெரியுது பாருங்க, அதான் உங்க மனை" என்றார். அப்பா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். ஒரு ரவிக்கை தைக்க எட்டு இடத்தில் அளவெடுக்கிறவள் நான். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய மண்ணுக்கு ஒரு இடத்திலும் டேப் வைத்துப் பார்க்கவில்லை. பத்திரத்தில் மனை எண் இருந்தது, வரைபடம் இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குடைதான் ஒரு மனை தள்ளி நீண்டுவிட்டது. அந்த வரிசையில் அப்போது வேறு வீடே கிடையாது, அதனால் தவறு என்று சொல்லவும் ஆளில்லை. நாங்கள் அந்த வேப்பங்கன்றைச் சுற்றியே வீட்டைக் கட்டினோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாய்.

அப்போது போட்ட வேலி உனக்கு ஞாபகம் இருக்கும். சவுக்குக் கம்பு நட்டு முள் கட்டிய வேலி. ஐந்து மழையில் கம்பெல்லாம் அடியில் உளுத்துப்போய், கை வைத்தால் சாய ஆரம்பித்தது. மாடு உள்ளே வந்து துணியை மென்றது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா பி.எப்.பில் கடன் போட்டு, செங்கல் சுவராகவே கட்டிவிடலாம் என்றார். அப்படி வந்தவர்தான் ஏழுமலை. நம் பக்கத்தில் பாதி வீடுகளுக்குச் சுற்றுச்சுவர் அவர் கட்டியதுதான். கறுப்பாக, பெரிய உடம்பு, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்காமலேயே பேசுவார். சுவர் எவ்வளவு நீளம் என்று பழைய வேலியை ஒட்டிக் காலால் அடிபோட்டு அளந்தார். அப்பா பத்திரத்தை எடுத்து வரட்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் எதற்கு, வேலிதான் இருக்கிறதே என்று சொல்லிவிட்டார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வியாழக்கிழமை அவருடைய ஆட்கள் சுவருக்கு நூல் கட்டிக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். என் வயசுப் பெண்மணி ஒருத்தி, கையில் மஞ்சள் பை, பக்கத்தில் ஒல்லியாக ஒரு மனிதர். அந்த அம்மாள் தோண்டுகிற ஆட்களை ஒருமுறை பார்த்தாள், வீட்டை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எம்மா, இது யாரு வூடு?" என்று கேட்டாள்.

எங்களுடையது என்றேன். இடம் யாருடையது என்றாள். இடமும் எங்களுடையதுதான் என்றேன், கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான். தெரு மாறி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"எங்க எடத்துல எப்பம்மா வூடு கட்னீங்க?" என்றாள்.

அவள் சண்டைக்கு வரவில்லை, பாலு. குரலை ஒரு இழை கூட உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த மனிதர் பையிலிருந்து பத்திரத்தையும் மனை வரைபடத்தையும் எடுத்து, ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். தெரு முனையிலிருந்து எண்ணிப் பாருங்கள் என்றார். வாசலில் நின்றபடியே எண்ணினேன். தவறாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். என் கையில் ஒட்டியிருந்த அரிசித் தண்ணீர் அந்தக் காகிதத்தில் சொட்டியது.

அவள் பெயர் சரோஜா. அவர் தணிகாசலம், மதுராந்தகத்தில் ஒரு நெல் மண்டியில் எடை போடுகிறவர். ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தில் ஒரு துண்டை விற்று, பிள்ளைக்கு ஆகட்டும் என்று நாம் வாங்கிய அதே வருஷம்தான் அந்த மனையை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரவேயில்லை. இப்போது பிள்ளைக்கு மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை நிரந்தரமாகியிருக்கிறது, வீடு கட்டலாம் என்று பார்க்க வந்தவர்கள். சரோஜா என்னைக் கேட்காமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தைப் பார்த்தாள். உன் மேஜையைப் பார்த்தாள். சமையலறையில் போய் நின்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நான் அவள் பின்னாலேயே போனேன், என் வீட்டில் நானே விருந்தாளி மாதிரி. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லாத்தான் கட்டிகிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல், பத்திரத்தையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு தெரு முனைக்குப் போய் அங்கிருந்து நடந்து வந்தார். திரும்பி வந்தபோது அவருடைய முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது. ஆனாலும் மனசு விடுமா. வரைபடம் தப்பாக இருக்கலாம், ரோடு தள்ளிப் போட்டிருக்கலாம், சர்வேயர் வந்து அளந்தால்தான் தெரியும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அடுத்த வாரம் இரண்டு தரப்பும் சேர்ந்து சர்வேயரை வரவழைத்தோம். அவர் தெரு முனையில் கருவேலம்புதருக்குள் இருந்த கல்லிலிருந்து அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால்கள் நம் வாசலைத் தாண்டி, பக்கவாட்டுச் சந்தைத் தாண்டி, பின்பக்கம் போய், நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றன. இங்கே தோண்டு என்றார். ஏழுமலையின் ஆள் கடப்பாரையால் குத்தினான். ஒரு முழ ஆழத்தில் டங்கென்று சத்தம். மண்ணை விலக்கினால், தலையில் குறி வெட்டிய எல்லைக்கல். நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய கல் அது. வீடு முழுவதும் அந்தக் கல்லுக்கு அவர்கள் பக்கத்தில் நின்றது. ஐந்து வருஷமாக அதன் பக்கத்தில் நின்றுதான் உன் சட்டைகளைத் துவைத்திருக்கிறேன். நான் அந்தத் துவைகல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் அன்றைக்கு வந்த பஸ் வழியில் நின்றுபோயிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். நினைத்ததைச் சொல்கிறேன், மறைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஏழுமலை மட்டும் நின்றார். அன்றைக்குத்தான் அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கிப் பேசினார். "சார், நான் சொல்றத கேளுங்க. நாளைக்கே பத்து ஆளு இட்டாரேன். ரெண்டு நாள்ல செவுரு எழும்பிடும். அப்புறம் கேஸு போட்டாங்கன்னா போட்டுகினு போறாங்க, பேரன் காலம் வரைக்கும் இழுத்துகினு கெடக்கும்" என்றார். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். அடுத்தவர் இடத்தைச் சுவர் கட்டி மடக்குகிற வேலை தன் வீட்டில் நடக்காது என்றார். எனக்கு அவ்வளவு கலக்கத்திலும் பெருமையாக இருந்தது. கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க பஸ்ஸை விட்டு இறங்கிப் போனவர் உன் அப்பா.

ஏழுமலை தாடையைச் சொறிந்துகொண்டே, அப்படியானால் வேறு வழி இருக்கிறது என்றார். பக்கத்தில் சும்மா கிடக்கிற மனை நம்முடையது. அதே அளவு. அவர்களுக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டு, இதை நாம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். இடத்துக்கு இடம், யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மழைக்கு முன்னாடி முடிச்சிக்குங்க சார். அவ்ளோதான் சொல்லுவேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அந்தப் பக்கத்து மனையில்தான் நீ ஒரு கார்த்திகை மாதம் சைக்கிளை விட்டுச் சேற்றில் மாட்டி, ஒற்றைச் செருப்போடு வந்தாய். ரோட்டுத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து இறங்கும். மழைக்காலம் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், தை பிறந்த பிறகும் வற்றாது. சமையலறை ஜன்னல் வழியாக அதில் தண்ணீர்ப் பாம்பு நீந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது மே மாதம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மதுராந்தகத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது வெறும் மண்.

அப்பா அதற்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் தணிகாசலத்துக்குக் கடிதம் போட்டார், மனையை மாற்றிக்கொள்ளலாம் என்று. தண்ணீர் நிற்கிற விஷயத்தை எழுதினீர்களா என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவங்க கேக்கலையே" என்றார்.

இந்த இடத்தில் உன்னிடம் எப்படி எழுதுவது என்று பேனாவை வைத்துவிட்டு ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். வீடு நம் மண்ணில் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு உட்கார ஒரு துவைகல்லாவது இருந்தது. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபோது உள்ளே ஏதோ விட்டுப்போனது. இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷர். அவரை எனக்குத் தெரியாதோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் பாலு, அவருடைய பக்கத்தையும் நீ பார்க்க வேண்டும். ரிட்டயராக அவருக்கு நாலு வருஷம்தான் இருந்தது. வீட்டுக் கடன் பாதிகூட அடையவில்லை. உன் படிப்பு. வீட்டை இடி என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாம் எங்கே போய் நிற்போம் என்று அவர் தினமும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பயந்துபோன மனுஷர், பேசாமல் இருந்தால் காரியம் நடந்துவிடும் என்று இருந்தார். பொய் சொல்லவில்லை. சும்மா நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஏழுமலையும் வந்திருந்தார், தன் வேலை பாதியில் நிற்கிறதே என்று. அப்பா அவர்களைப் பக்கத்து மனைக்குக் கூட்டிப்போனார். நான் மோர் கரைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தணிகாசலம் நாலு பக்கமும் நடந்து பார்த்தார். சரோஜா வெடிப்பு விழுந்த மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்து, நல்ல கெட்டி மண் என்றாள். அப்பா தலையாட்டினார். அன்றைக்குக் குடை நீட்டியவரிடம் நாங்கள் ஆட்டினோமே, அப்படி இல்லை. தெரிந்தே ஆட்டிய தலை. அடுத்த புதன்கிழமையே பதிவு வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது.

மோர் டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக வேறு எதுவும் யோசித்துக்கொண்டு போகவில்லை. சரோஜா டம்ளரை வாங்கும்போது, பிள்ளைக்கு இந்த ஐப்பசியிலேயே வீட்டு வேலையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐப்பசியில இங்க முழங்கால் தண்ணி நிக்கும்" என்றேன்.

என் குரல்தான் அது, ஆனால் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. தணிகாசலம் காதில் சரியாக விழாதவர் போலப் பார்த்தார். ஏழுமலை தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. சரோஜா அந்த மோரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள், டம்ளரைத் தட்டில் வைத்தாள், தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளே வந்ததும் அப்பா, "என்ன செஞ்சிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். உனக்கு மணியார்டர் அனுப்பியாயிற்றா என்று நான் கேட்டால் தலையை அசைப்பார். வாசலில் பாதி தோண்டிய கடைக்கால் திறந்தே கிடந்தது. கோடை மழை ஒன்று பெய்து அதில் தண்ணீர் தேங்கியது, எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி விழுந்து கத்தியது. ஏழுமலை சாந்துச் சட்டியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வக்கீல் நோட்டீஸோ என்று வாசலுக்கு ஓடுவேன். தைக்கக் கொடுத்த துணிகளைத் தைக்கவே முடியவில்லை, தையல் கோணிக்கொண்டு போனது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு நாள் நினைப்பேன். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஜன்னலை எப்படித் திறந்திருப்பேன் என்று மறுநாள் நினைப்பேன்.

ஆனி மாதம் சரோஜா தனியாக வந்தாள். வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருந்தாள். இந்தத் தடவை உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு லீவு, அப்பா உள்ளே கதவோரம் நின்றிருந்தார். அவர் நிற்பது அவளுக்கும் தெரியும்.

"வக்கீல போயி பாத்தோம். கேஸு போட்டா செயிச்சிடலாம், வூட்டோட எடம் வந்துரும்னு சொன்னாரு. எம்புள்ளயும் அதான் சொல்றான்" என்றாள். அவள் தொடர்ந்தாள். "நான்தான் வேணாம்னேன். அந்தப் பொம்பள வாயத் தொறக்காம இருந்திருந்தா, நாம சிரிச்சிகினே கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்போம். அவ சொன்னா. அதனால நான் அவளாண்டயே போயி பேசிக்கிறேன்னு வந்தேன்."

பிறகு அவள் சொன்னது இதுதான். மனையை மாற்றிக்கொள்ளச் சம்மதம். ஆனால் அந்தப் பள்ளத்தை மண்ணடித்து ரோட்டைவிட உயரமாக மேடாக்கித் தர வேண்டும். ரோட்டுத் தண்ணீர் அங்கே இறங்காமல் ஓரமாகக் கால்வாய் வெட்டிவிட வேண்டும். மேடாக்கிய மண் கரைந்து போகாமல் சுற்றிச் சுவரும் எழுப்பித் தர வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கையெழுத்து. கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா வெளியே வந்தார். அவளைப் பார்த்து, "செஞ்சு தரேம்மா" என்றார்.

செய்தோம். என் வளையல்கள் அந்த மண்ணுக்குள்தான் போயின, அப்பாவுடைய இரண்டாவது கடனும் போயிற்று. உன் ஹாஸ்டல் பணம் ஒரு தடவை தாமதமாக வந்ததே, போஸ்டாபீஸ் கோளாறு என்று எழுதினோமே, அது அந்த மாதம்தான். ஏழுமலையை மறுபடி கூப்பிட்டோம். லாரி லாரியாக மண் வந்தது. நம் வீட்டுக்குச் சுவர் கட்ட வந்த மனுஷர், முதலில் பக்கத்து மனைக்குச் சுவர் கட்டினார். "இத்தினி வருசமா செவுரு கட்றேன், எம்மா. சொந்த வூட்ட தொறந்து போட்டுட்டு அடுத்தவனுக்குக் கட்டித் தந்த ஆள நான் பாத்ததில்ல" என்றார். கேலியா பாராட்டா என்று அவருடைய முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் கட்டிய சுவரில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. ஆனால் அவருடைய வேலை சுவர். கட்டச் சொன்னவருக்கு எது சுலபமோ அதைத்தான் அவர் சொல்லுவார். அதை ஏற்பதும் தள்ளுவதும் வீட்டுக்காரர் பாடு. உன் வேலிக்காரரும் அப்படித்தான் இருப்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை, சரோஜா மழை முடியட்டும் என்று சொல்லியிருந்தாள். அதுவரை அப்பா என்னோடு தேவைக்குத்தான் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். ஜன்னலில் பார்த்தேன். அந்த மேட்டின்மேல் ஏறி, ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று, குனிந்து குனிந்து பார்த்தார். முதுகெல்லாம் நனைந்துவிட்டது. திரும்பி வந்து ஈரக்காலோடு சமையலறை வாசலில் நின்று, "தண்ணி நிக்கல" என்றார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம். அன்றைக்கு மத்தியானம் அவரே வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

கார்த்திகையில் பதிவு முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர்கள் பிள்ளை அங்கே வீடு கட்டினான். சரோஜாவும் நானும் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டோம் என்று நீ நினைக்காதே. அவளுடைய மருமகளுக்கு நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், கூலியைச் சரியாகக் கொடுத்துவிடுகிறாள். அவள் ஊரிலிருந்து வந்தால் மண்டி அரிசி ஒரு படி கொண்டுவருவாள். பழைய பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. ஒரு தடவை நம் சமையலறை ஜன்னலைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

இப்போது உன் மனைக்கு வருகிறேன். நீ அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய்? ஒரு தடவை, காருக்குள் இருந்தபடி, வித்யாவுக்குத் தலைவலி என்று இறங்காமல் பார்த்தோம் என்றாய். அந்தப் பக்கம் சுனாமியில் கடல் உள்ளே வந்துபோனதே, அதற்குப் பிறகு எத்தனை கல் பெயர்ந்ததோ, எத்தனை கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் போட்டார்களோ, யாருக்குத் தெரியும். காண்டிராக்டர் உனக்கு அனுப்பப் போகிற போட்டோவில் கல்தூண் நேராக நிற்கும், கம்பி விறைப்பாக இருக்கும். அது யார் மண்ணில் நிற்கிறது என்று போட்டோவில் தெரியாது. அந்த வழியாக யார் தினமும் தண்ணீருக்குப் போகிறார்கள், யார் வலை உலர்த்துகிறார்கள் என்பதும் தெரியாது. வேலையை நிறுத்திவைக்கச் சொல். வெள்ளிக்கிழமை பஸ் ஏறு. வித்யாவையும் கூட்டிக்கொண்டு வா, வெயிலானாலும் இறங்கி நடக்கட்டும். சர்வேயர் அளக்கும்போது பக்கத்து மனைக்காரர்களையும் வரவழைத்து நிறுத்திவை. அவர்கள் கண் முன்னால் குழி தோண்டட்டும். ஏதாவது தப்பாக இருந்தால், அது தூண் நடுவதற்கு முன்னால் தெரியட்டும். அப்போது வித்யா ஏதாவது சொன்னால், உன் முகத்தைப் பார்த்துப் பயந்து அவள் நிறுத்திக்கொள்ளும்படி வைக்காதே.

இவ்வளவையும் எழுதிவிட்டு, உன் அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்புவது சரியில்லை என்று அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தார். ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டார். "அவங்க கேக்கலையே" என்று அவர் சொன்னதை எழுதியிருந்த பக்கம் அது. வேண்டாமென்றால் அந்த இடத்தை அடித்துவிடுகிறேன், பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை என்றேன். அவர் காகிதங்களை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அடிக்காத. அவனும் ஒரு நாள் என்னை மாதிரி சும்மா நிப்பான்" என்றார்.

அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி உனக்குச் சோறு வைத்திருப்பேன்.

உன் அம்மா